லயத்துக் காம்பராவில் ஒரு கலைக்கூடம்

அந்தப் பூசணிக்காய் காம்பராவின் நடுவில், மேசை மேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பு. இரண்டுக்கும் அடியில் அக்காவின் கல்யாணச் சேலை மடிப்பு மடிப்பாக விரிக்கப்பட்டிருந்தது. யாரும் கிட்டே போகக் கூடாது. போனால் நிழல் கலைந்துவிடுமாம்.

அக்கா வெளியே இஸ்தோப்பில், அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். வயிற்றில் எட்டு மாதம். இஸ்தோப்பு என்பது லயத்துக் காம்பராவுக்கு முன்னால் கிடக்கும் ஒடுக்கமான திறந்த தாழ்வாரம். லயம் என்பது தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடு. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஒரே அறை, ஒரு இஸ்தோப்பு. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை அளந்து கொடுத்தது அவ்வளவுதான். அரசாங்கம் தோட்டத்தை எடுத்த பிறகும் அதே அளவுதான்.

"என்னக்கா சமையல்?" என்று கேட்டேன்.

"மரவள்ளிதான். வேற என்ன இருக்கு?"

"உள்ள பூசணிக்கா இருக்கே."

"அது வரையுறதுக்கு."

"இன்னுமா வரைஞ்சு முடியல?"

"வெளிச்சம் சரியா வரலியாம்" என்றாள், யாரோ ஊரான் வீட்டுச் சங்கதி சொல்வது போல.

மாவுக்கும் பாண் ரொட்டிக்கும் விடியற்காலையில் வரிசையில் நின்ற காலம் அது. பக்கத்துக் காம்பரா மாரியாயி, மாசமாக இருக்கிற பிள்ளை ஆசைப்படுகிறாளே என்று தன் காய்கறிப் பாத்திக் கொடியில் காய்த்த ஒரே காயைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அதைத்தான் என் அத்தான் மேசையில் ஏற்றி உட்கார வைத்துவிட்டார். கடைசியில் அது அடியில் அழுகி, தண்ணீர் விட்டு, சேலையை நாசமாக்கியது. படத்தில் உள்ள பூசணிக்காய் மட்டும் இன்றைக்கும் பளபளவென்று இருக்கிறதாம். கொழும்பில் யாரோ ஒரு டாக்டர் வீட்டுச் சாப்பாட்டறையில் மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்வி.

ராமையா, தூரிகைச்சித்தன் ஆனது

அத்தானின் பெயர் ராமையா. இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்துவிடுகிற வேலை. நன்றாகத்தான் வெட்டுவார். அக்காவைக் கட்டிக்கொடுத்தபோது என் அப்பா மெச்சியது அந்தக் கையைத்தான்.

ஒரு திருவிழாவுக்குக் கோயிலில் கட்டும் திரைக்குப் படம் எழுத ஆள் கிடைக்காமல் இவரைப் பிடித்தார்கள். இவர் எழுதிய அம்மன் நன்றாக அமைந்துவிட்டது. அதோடு விட்டிருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. அன்றைக்குப் பார்த்து பதுளையிலிருந்து ஒரு மாஸ்டர் திருவிழாவுக்கு வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பது போக மீதி நேரம் கலையை வளர்ப்பவர். அவர் திரைக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு அத்தானின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீர் ஒரு பிறவிக் கலைஞர் காணும். உமக்கு உது விளங்கேல்ல" என்றார்.

மறுநாளே விளங்கிவிட்டது. பெரட்டுக்குப் போவதை நிறுத்தினார் அத்தான். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற இடம்தான் பெரட்டு. அங்கே கணக்கப்பிள்ளை பல நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, செக்ரோல் என்கிற பெயர்ப் பதிவேட்டில் அவர் பெயரை வெட்டினார். வெட்டியதைப் பற்றி அத்தானுக்குக் கவலையே இல்லை. ராமையா என்கிற பெயர்தானே போனது? அவருக்கு வேறு பெயர் வந்துவிட்டது: தூரிகைச்சித்தன். மாஸ்டர் வைத்தது.

நான் அப்போது பதுளைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் முதலாளியின் தையற்கடையில் பொத்தான் துளை கட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் முதலாளி பத்திரிகையை நீட்டி, "பாக்கியம், ஒங்கட அத்தான்ட போட்டோ வந்தீக்கி, பாருங்க" என்றார். பார்த்தேன். தாடி வளர்த்து, கன்னத்தில் கை வைத்து, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். கீழே, 'லயத்தின் இருளில் ஒளி தேடும் கலைஞன்' என்று போட்டிருந்தது. அந்த வாரம் அக்கா காய்ச்சலோடு கொழுந்து பறிக்கப் போனாள் என்பதைப் போடவில்லை.

வடக்கு வெளிச்சம்

கலைஞர் என்றாகிவிட்டால் கலைக்கூடம் வேண்டாமா? மாஸ்டர் கொடுத்த ஏதோ ஒரு புத்தகத்தில், ஓவியனின் அறைக்கு வடக்கு வெளிச்சம் வேண்டும் என்று இருந்ததாம். எங்கள் லயம் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியது. அக்கா காம்பராவுக்கு வடக்கே இருந்தது மாரியாயியின் காம்பரா. வெளிச்சம் வருவதென்றால் மாரியாயியின் சாமிப் படம், அரிசிப் பானை, படுத்த படுக்கையாய்க் கிடந்த அவள் மாமியார் எல்லாவற்றையும் தாண்டி வர வேண்டும்.

சுவரை இடிக்கவிடவில்லை மாரியாயி. விளக்குமாற்றோடு நின்றாள். புண்ணியவதி. அதனால் கூரைத் தகரத்தில் ஓட்டை போட்டு ஒரு கண்ணாடித் துண்டைச் செருகினார். வெயில் காலத்தில் வெளிச்சம் வந்தது. மழைக் காலத்தில் மழை வந்தது. எங்கள் ஊவா மலையில் மழைக் காலம் எவ்வளவு நீளம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே போயிற்று. முதலில் அரிசிப் பானை வைக்கிற பலகை. அடுத்து அக்காவின் தகரப் பெட்டி. கடைசியில் அக்கா.

"வர்ணத்து வாடை பொம்பளைங்களுக்கு ஆகாது. நீ இஸ்தோப்புல படுத்துக்க. காத்தோட்டமா இருக்கும்" என்றார். அக்கறையைப் பாருங்கள்!

மாவுச் சாக்கைக் கழுவி வெளுத்துப் பிள்ளைக்கு உடுப்புத் தைக்கிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டு. அக்கா அப்படிச் சேர்த்து வைத்திருந்த சாக்குத் துணியெல்லாம் சட்டத்தில் ஏறி ஆணி வாங்கியது. கேட்டால், "கித்தான் வாங்க வழியில்ல லெட்சுமி, புரிஞ்சுக்க" என்பார். அவள் புரிந்துகொண்டே இருந்தாள். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வரும்.

இந்த மாதிரி வீடுகள்

கொஞ்சம் விலகிப் போகிறேன். பின்னாளில், எண்பதுகளில், என் தையல் வேலை என்னைக் கொழும்புவரை கொண்டுபோனது. கலைஞர்கள் வீட்டுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த வீடுகளைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு அடங்காது.

ஒரு வீட்டில் கூடத்து நடுவில் அம்மிக்கல். சந்தனம் பூசி, அதன் மேல் ஒரு தாமரைப் பூ. "எதுல அரைப்பீங்க?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன். "அரைச்ச தூள்தானே கடையில விக்குது" என்றார். இன்னொரு வீட்டில் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து உள்ளே பல்ப் போட்டிருந்தார்கள். சுவரெல்லாம் பிரம்பின் நிழல். வந்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்து வாய் பிளந்தார்கள். அந்தக் கூடையின் கயிறு தலையில் அழுந்தி என் அக்காவுக்கு உச்சியில் முடியே போய்விட்டது. விளக்கு அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

வெறும் இடம் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் நெருக்கடி அலங்காரமாகத் தெரிகிறது. அதை நான் மன்னித்துவிடுவேன். பாவம், தெரியாதவர்கள். நெருக்கடிக்குள்ளேயே இருந்துகொண்டு, பெண்டாட்டியை வெளியே தள்ளி வெறும் இடம் உண்டாக்கிக்கொண்டவரைத்தான் மன்னிக்க முடியவில்லை.

படுத்திருப்பவள்

பூசணிக்காய் நாளில் அக்கா வயிற்றில் இருந்தது முதல் பிள்ளை இல்லை. அதற்கு முந்தின வருடம் ஒரு பெண் பிறந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றிக்கொண்டு வந்து இஸ்தோப்பில் படுத்தாள். ஐப்பசி மாதம். சாரல் அடுப்பு வரை அடிக்கும். சாக்கைத் தொங்கவிட்டுப் பார்த்தாள், கம்பளியைப் போர்த்திப் பார்த்தாள். பிள்ளைக்குச் சளி கட்டியது. பிறகு இழுப்பு வந்தது. பல்கூட முளைக்காத பிள்ளை. மாரியாயியின் மடியில் வைத்துத்தான் போயிற்று.

உள்ளே, நாலு சுவருக்குள், ஒரு முக்காலியும் சில சட்டங்களும் குளிர்படாமல் இருந்தன.

அந்த நாட்களில்தான் அத்தான் தன் பெயர் பெற்ற படத்தை வரைந்தார். இஸ்தோப்பில் ஒரு பெண் குழந்தையை அணைத்துக்கொண்டு முழங்காலை மடக்கிச் சுருண்டு படுத்திருப்பாள். கதவருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளேயிருந்து பார்த்து வரைந்தது. உண்மையைச் சொல்கிறேன், நல்ல படம். அவளுக்கு எவ்வளவு குளிர்கிறது என்று பார்க்கிறவனுக்குத் தெரியும். முதுகு எலும்பு தெரியும், காலைக் கால்மேல் தேய்ப்பது தெரியும். அவ்வளவையும் கண்ணால் பார்த்த மனுஷன், 'எழுந்து உள்ளே வா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் படம் கிடைத்திருக்காதே.

மாஸ்டர் அந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்கினார். கலங்கிய கண்ணோடு அக்காவைத் தாண்டித்தான் உள்ளே போனார், அவள் கொடுத்த தேத்தண்ணீரைக் குடிக்க.

பேச்சுவார்த்தை

இப்போது பூசணிக்காய் ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். நான் அன்றைக்கு வெறுமனே வரவில்லை. முதலாளியிடம் லீவு கேட்டு, அக்காவுக்குப் பிள்ளை பிறக்கும்வரை கூட இருக்கலாம் என்று வந்திருந்தேன். மரவள்ளி வெந்ததும் அத்தான் சாப்பிட வந்தார். நான் நேராகவே கேட்டேன்.

"அத்தான், அக்காவுக்கு நாள் நெருங்கிடுச்சு. சாமானை எடுத்துட்டு உள்ள எடம் பண்ணிக் குடுங்க."

"அடுத்த மாசம் கொழும்பிலேர்ந்து ஆளுங்க வாராங்க, பாக்கியம். கலைக்கூடத்தப் பாக்க. இந்த நேரத்துல கலைக்க முடியாது."

"போன தடவ என்ன ஆச்சுன்னு மறந்து போச்சா?"

அவர் கிழங்கைப் பிட்டுக்கொண்டே, "அது விதி" என்றார். பிறகு, "ஒனக்குக் கல தெரியாது. பொத்தான் துள கட்டுறவகிட்ட இதெல்லாம் பேசி என்ன பிரயோசனம்?" என்றார்.

நான் கத்தினேன். லயமே எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அத்தான் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்விட்டார். அக்கா சட்டியைக் கழுவினாள். எனக்கு அவள் மேலேயும் ஆத்திரம் வந்தது. இவளும் ஒரு பெண்ணா, வயிற்றில் இருக்கிற பிள்ளைக்காகக்கூட வாய் திறக்கமாட்டாளா என்று நினைத்தேன்.

அவள் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பெரட்டில்

இரண்டு நாள் கழித்து மாஸ்டர் வந்து, சில படங்களுக்குச் சட்டம் போட வேண்டும் என்று அத்தானைப் பதுளைக்குக் கூட்டிப்போனார். மறுநாள் விடிந்ததும் அக்கா என்னை எழுப்பினாள். "பெரட்டுக்கு வா" என்றாள்.

பனி விலகவில்லை. கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, என் பேரக் கீழ் டிவிசனுக்கு மாத்திக் குடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இந்த நேரத்துலயா? ஏன்?"

"அங்க ஆளு பத்தலன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க. காம்பராவும் காலியாக் கெடக்கு."

அது உண்மை. இந்தியாவுக்குப் போவதற்கு எழுதிக் கொடுத்தவர்கள் குடும்பம் குடும்பமாக ரயிலேறிக்கொண்டிருந்தார்கள். கீழ் டிவிசனில் பாதி லயம் பூட்டிக் கிடந்தது. கொழுந்து பறிக்க ஆள் இல்லாமல், தோட்டத்தை நடத்துகிற துரை கத்திக்கொண்டிருந்தார்.

கணக்கப்பிள்ளை யோசித்தார். "ராமையா ஒத்துக்கிட்டானா?"

"அவரு பேருதான் செக்ரோல்ல இல்லீங்களே. அவரு எதுக்கு ஒத்துக்கணும்?"

கணக்கப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். தோட்டத்தில் காம்பரா யாருக்கும் சொந்தமில்லை. பெயர் பதிந்தவர்களுக்குத்தான் காம்பரா. பெயர் எங்கே போகிறதோ காம்பராவும் அங்கே. பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். பத்திரிகையில் 'தூரிகைச்சித்தனின் கலைக்கூடம்' என்று அடிக்கடி படித்த ஒரே ஆள்தான், அது தன்னுடையது என்று நம்பிவிட்டார். கூரையில் கண்ணாடி போட்டார், வாசல் பக்கத்தில் பலகை மாட்டினார். அத்தனையும் அக்கா ஒவ்வொரு காலையும் கூடையோடு போய் நின்று காப்பாற்றிக்கொண்டிருந்த காம்பராவில்.

துரை கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே சாமான் தூக்கினோம். சாமான் என்ன சாமான்! சட்டிபானை, தகரப் பெட்டி, கம்பளி, அடுப்புக் கல். மாரியாயியும் ஒரு நடை தூக்கினாள். நான் ஆத்திரத்தில் ஒரு படத்தைக் காலால் உதைக்கப் போனேன். அக்கா கையைப் பிடித்தாள்.

"அவரு சாமான் ஒண்ணையும் தொடாத. அது இருக்கட்டும்."

கீழ் டிவிசன் காம்பராவில் கூரை ஒழுகவில்லை. நான் சாணி போட்டு மெழுகினேன். அக்கா மூலையில் சாக்கை விரித்துப் படுத்தாள். நாலு பக்கமும் சுவரைப் பார்த்தாள். அப்படியே தூங்கிப்போனாள். அவ்வளவு நேரம் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை.

வான் வந்த நாள்

நாலாம் நாள் மேல் லயத்துக் காம்பராவைக் கொஸ்லந்தையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். தாய், தகப்பன், பிள்ளைகள், கோழிகள். அவர்கள் படங்களையெல்லாம் இஸ்தோப்புக்கு நகர்த்தினார்கள். சாரலுக்கு மறைப்பு வேண்டுமே, பெரியதாக இருந்த ஒன்றை எடுத்து இரண்டு தூணுக்கும் நடுவில் கட்டினார்கள். கலைக்கூடத்தில் தயாரானவற்றில் குளிரைத் தடுத்தது அந்த ஒன்றுதான்.

அத்தான் பதுளையில் மாஸ்டர் வீட்டுச் சாய்வு நாற்காலியில் கிடந்து, சட்டம் போடுகிறேன் என்று மூன்று வாரத்தை ஓட்டினார். பிறகு கொழும்பு ஆட்களோடு நேரே வானில் வந்து இறங்கினார். மாரியாயி ஒன்று விடாமல் எனக்குச் சொன்னாள். முக்காலியில் ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்திருந்ததாம். கொழும்பு அம்மா ஒருத்தி, எல்லாம் அத்தான் அமைத்த காட்சி என்று நினைத்து, கட்டித் தொங்கிய படத்தையும் கீழே மேய்ந்த குஞ்சுகளையும் போட்டோ பிடித்துக்கொண்டு, "எவ்வளவு துணிச்சலான யோசனை!" என்று பாராட்டினாளாம். இவர்களை என்ன செய்வது, சொல்லுங்கள்.

அன்றைக்கு அக்காவுக்குப் பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள். புதுக் காம்பராவிலேயே பிறந்தது. இதுவும் பெண். உள்ளே தணல் வைத்து, சாம்பிராணி போட்டு, கதகதவென்று வைத்திருந்தோம். மத்தியானத்துக்கு மேல் தூறலில் நனைந்துகொண்டு அத்தானும் மாஸ்டரும் வந்தார்கள்.

மாஸ்டர்தான் தொடங்கினார். "தங்கச்சி, நீர் செய்தது சரியில்லை. கலைஞனுக்கு ஓர் இடம் வேணும். நாளைக்கு உலகம் உம்மைத்தான் குறை சொல்லும்."

அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "காம்பரா பேரு பதிஞ்சவங்களுக்குத்தாங்க. கவ்வாத்துக்கு ஆளு தேடுறாங்க. அவர நாளைக்குப் பெரட்டுக்கு வரச் சொல்லுங்க."

"என்ன இது! உப்பிடியொரு கலைஞனைக் கத்தி தூக்கச் சொல்லுறீரோ?"

"நான் கூடையத் தூக்கலீங்களா?"

 மாஸ்டர் குடையை விரித்தார், மடக்கினார்.

நான் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு வைதிருந்தாலும், அந்த நிமிடம் எனக்குள்ளும் ஒரு நப்பாசை இருந்தது. ஈரத் தலையோடு வாசலில் நிற்கிறார். உள்ளே, இதுவரை கண்ணால் பார்க்காத தன் பிள்ளை. ஒரு அடி எடுத்து வைத்தால் போதும். அக்காவின் முகமும் அதைத்தான் கேட்டது. அவள் போர்வையைக் கொஞ்சம் விலக்கி, பிள்ளையின் முகம் தெரியும்படி திருப்பிப் பிடித்தாள்.

அத்தான் தலையைச் சாய்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார். பிள்ளையைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் இருந்த சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"இந்தக் காம்பராவுல வெளிச்சம் நல்லா விழுது லெட்சுமி" என்றார்.

அக்கா போர்வையை இழுத்து மூடினாள். என் பக்கம் திரும்பினாள்.

"கதவச் சாத்து பாக்கியம். பிள்ளைக்குக் காத்து அடிக்குது."

சாத்தினேன்.